வெள்ளணுக்களுக்கு நிறமூட்டிய போல் எர்லிக்

மடுல்சீமை போன்ற ஊவா மலைத்தோட்டங்களில் மூச்சுத்திணறலால் அவதியுறும் முதியோர் பலர். லயன் அறைகளில் சூழும் விறகடுப்புப் புகையும் புகைத்தற் பழக்கமும் நுரையீரலைக் கெடுக்கின்றன. இழுப்பு என்று மக்கள் பொதுவாகக் கூறும் இத்துன்பம் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். நாட்பட்ட சுவாசத் தடை நோயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. இவற்றைப் பிரித்தறிய இன்று துணைபுரியும் வெள்ளணுவொன்றை உலகுக்கு இனங்காட்டியவர் ஜேர்மனிய மருத்துவ அறிஞர் போல் எர்லிக்.

1854 மார்ச் 14ஆம் திகதி, இன்று போலந்துக்குரியதாக உள்ள ஸ்ட்ரெலன் நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். துணிகளுக்கென உருவாக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் மாணவப் பருவத்திலேயே அவரைக் கவர்ந்தன. ஒவ்வொரு சாயமும் உடலில் தனக்கு இயைந்த பகுதியையே பற்றிக்கொள்ளும் என்பதை அவர் கண்டார். 1878இல் மாஸ்ட் கலங்களை விவரித்தார். மறு ஆண்டில், இயோசின் எனும் செந்நிறச் சாயத்தை நாடும் வெள்ளணுக்களைக் கண்டறிந்தார். அவையே இயோசினோபில்கள். ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் இவ்விரண்டுக்கும் பெரும் பங்குண்டு என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

நுரையீரல் நோய் அவரையும் விட்டுவைக்கவில்லை. காசநோய்க்கு ஆளாகி, உடல்நலம் தேடி 1888இல் எகிப்து சென்றார். நலம்பெற்றுத் திரும்பியபின் தொண்டைக்கரப்பானுக்கான ஊநீர்ச் சிகிச்சையைச் செம்மைப்படுத்தினார். நோயெதிர்ப்பு ஆய்வுகளுக்காக 1908இல் மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1910இல் மேகநோய்க்கான சல்வர்சான் மருந்தை அளித்தார். ஓயாது சுருட்டுப் புகைத்த அவர், 1915 ஆகஸ்ட் 20ஆம் திகதி காலமானார்.

அவர் பெயரிட்ட அணு இன்றும் வைத்தியருக்கு வழிகாட்டுகிறது. நாட்பட்ட சுவாசத் தடை நோயாளரின் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் இயோசினோபில்கள் 300 அல்லது அதற்கு மேலிருந்தால், உள்ளிழுக்கும் ஸ்டீரொய்ட் மருந்து பயனளிக்கும் வாய்ப்பு அதிகம். 100இற்குக் குறைந்தால் பயன் சொற்பம். நியூமோனியா அபாயமோ கூடுதல். எனினும் இவ்வெண்ணிக்கை மட்டுமே தீர்ப்பாகிவிடாது. குடற்புழுத் தொற்றும் ஒவ்வாமையும் அதனை உயர்த்தும். ஆகவே மூச்சின் அளவைக் கணிக்கும் பரிசோதனையும் இன்றியமையாதது.

நூற்றாண்டுக்கு முன்னரே மறைந்த அறிஞரின் கண்டுபிடிப்பு, சாதாரண இரத்தப் பரிசோதனையாக இன்று நம்மிடையே உள்ளது. அதன் பயன் தோட்டத் தொழிலாளரையும் சென்றடைய வேண்டும். முதுமையின் இழுப்பு என்று கூறி எவரது மூச்சுத்திணறலையும் பரிசோதிக்காது விட்டுவிடலாகாது.