ஆய்வுக்கூடத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற மத்தேயு ஆர்ஃபிலா

நஞ்சூட்டிக் கொல்லப்பட்டவரின் உடலிலிருந்தே அதற்கான சான்றைப் பிரித்தெடுக்கும் கலையை ஓர் அறிவியல் துறையாக வளர்த்தவர் மத்தேயு ஆர்ஃபிலா. நச்சியலின் தந்தை எனப் போற்றப்படும் அவரது வாழ்க்கை, ஒரு சோதனையின் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

ஸ்பெயினின் மெனோர்கா தீவிலுள்ள மாவோன் நகரில் 1787 ஏப்ரல் 24-ஆம் தேதி வணிகர் குடும்பத்தில் ஆர்ஃபிலா பிறந்தார். இளமையில் கடற்பயணம் மேற்கொண்ட அவர், பின்னர் மருத்துவம் கற்க விரும்பினார். வலென்சியாவிலும் பார்சிலோனாவிலும் பயின்று, உதவித்தொகையுடன் 1807-இல் பாரிஸ் சென்றார். மறு ஆண்டே இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. எனினும் பாரிஸிலேயே தங்கி 1811-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், தனியாக வேதியியல் வகுப்புகள் நடத்திப் பிழைத்தார்.

அத்தகைய வகுப்பு ஒன்றில் 1813-இல் அவருக்குத் தோல்வி நேர்ந்தது. பானத்தில் கலந்த ஆர்சனிக்கை மாணவர்கள் முன் கண்டறிந்து காட்ட முயன்றபோது, நூல்களில் சொல்லப்பட்ட நிறத்தில் வீழ்படிவு தோன்றவில்லை. தூய நீரில் பலித்த சோதனைகள், உணவும் பானமும் கலந்த நிலையில் பொய்த்துப்போவதை அவர் உணர்ந்தார். அந்தச் சோதனைகளை நம்பித்தான் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்து வந்தன. உடனே ஆய்வில் இறங்கிய ஆர்ஃபிலா, 1814-இல் நஞ்சுகள் பற்றிய தமது பெருநூலின் முதல் பகுதியை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 27. பின்னாளில் பாரிஸ் மருத்துவப் பீடத்தின் பேராசிரியராகவும், 1831 முதல் அதன் தலைவராகவும் உயர்ந்தார்.

அக்காலத்தில் ஆர்சனிக் கொலையாளிகளின் விருப்பமான கருவியாக இருந்தது. எலி மருந்தாக எளிதில் கிடைத்தது. உணவில் கலந்தால் சுவை காட்டாது. அது விளைக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காலராவைப் போலவே தோன்றும். பிரிட்டன் வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836-இல் இதற்கு விடை கண்டார். ஐயத்துக்குரிய பொருளுடன் துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, வெளிவரும் வாயுவைச் சூடாக்கினால், ஆர்சனிக் கண்ணாடிக் குழாயில் பளபளக்கும் கரும்படலமாகப் படியும். மிக நுண்ணிய அளவும் இதில் தப்பாது.

இச்சோதனையின் ஆற்றலே அதன் ஆபத்தாகவும் இருந்தது. பயன்படுத்தும் துத்தநாகத்திலோ அமிலத்திலோ சிறிது ஆர்சனிக் இருந்தாலும், குற்றமற்றவர் தண்டிக்கப்படக்கூடும். எனவே வேதிப்பொருள்களை முதலில் தனியே சோதிக்க வேண்டும், கல்லறை மண்ணையும் ஆராய வேண்டும் என்று ஆர்ஃபிலா வலியுறுத்தினார். நஞ்சு வயிற்றோடு நின்றுவிடாமல் கல்லீரல் உள்ளிட்ட உறுப்புகளிலும் சேர்வதையும் அவர் நிறுவினார்.

பிரான்சின் டூல் நகரில் 1840 செப்டம்பரில் நடந்த வழக்கு அவரது புகழின் உச்சம். கணவருக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக மேரி லஃபார்ஜ் என்ற இளம்பெண் குற்றம் சாட்டப்பட்டார். உள்ளூர் வல்லுநர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பாரிஸிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆர்ஃபிலா, அதே வல்லுநர்களின் முன்னிலையில் சோதனை செய்து, உடலில் ஆர்சனிக் உள்ளது என்றும் அது மண்ணிலிருந்தோ வேதிப்பொருள்களிலிருந்தோ வந்ததல்ல என்றும் சாட்சியளித்தார். மேரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

எதிர்த்தரப்புக்காகப் புறப்பட்ட வேதியியலாளர் ராஸ்பாய், தீர்ப்புக்குப் பின்னரே டூல் வந்து சேர்ந்தார். ஆர்ஃபிலாவின் வேதிப்பொருள்களே தூய்மையற்றவை என்று அவர் வாதிட, நாடே இரு அணியாகப் பிரிந்தது. 1852-இல் விடுதலையான மேரி, அதே ஆண்டு மறைந்தார். அவர் குற்றவாளியா என்ற விவாதம் அவருக்குப் பின்னும் ஓயவில்லை.

ஆர்ஃபிலாவும் பிழைக்கு விலக்கானவரல்லர். நலமுள்ள மனிதரின் எலும்பிலும் ஆர்சனிக் இயல்பாகவே உண்டு என்று அறிவித்திருந்த அவர், மேலும் ஆராய்ந்தபின் அக்கருத்தைக் கைவிட்டார். 1848 அரசியல் மாற்றத்தில் பீடத் தலைவர் பதவியை இழந்த அவர், 1853 மார்ச் 12-ஆம் தேதி பாரிஸில் காலமானார்.

கருவிகள் அனைத்தும் மாறிவிட்ட இன்றும், நச்சியல் ஆய்வகங்களில் ஐயத்துக்குரிய மாதிரியுடன் நஞ்சற்ற மாதிரி ஒன்றும் சேர்த்தே சோதிக்கப்படுகிறது. சோதனையையே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆர்ஃபிலாவின் பாடம், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் காவலாக நிற்கிறது.