ஒரே ஒரு வருஷம்! – பஸ் ஆர்லெட்டின் கதை

பேஸ்பால்னு சொன்னதும் நம்மில் சிலருக்காவது பேப் ரூத் பெயர் ஞாபகம் வரும். அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு பேப் ரூத் இருந்தார். ஆனா பெரிய அணியில் அவர் ஆடியது ஒரே ஒரு வருஷம்தான். அவர் பெயர் பஸ் ஆர்லெட்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் பேஸ்பால் உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதற்குக் கீழே மைனர் லீக்குகள். நம்ம ரஞ்சிக்கும் டெஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி வச்சுக்கலாம். அந்தக் காலத்தில் மேஜர் லீக்கில் மொத்தமே 16 அணிகள்தான். அவை எல்லாம் நாட்டின் கிழக்குப் பக்கத்திலும் நடுப்பகுதியிலும் இருந்தன. மேற்குக் கடற்கரையில் ஒன்றுகூட இல்லை.

ஆர்லெட் பிறந்தது அந்த மேற்குக் கடற்கரையில், கலிபோர்னியாவில், 1899-ல். 1918-ல் ஓக்லண்ட் ஓக்ஸ் என்ற மைனர் லீக் அணியில் பந்து எறிபவராகச் சேர்ந்தார். அண்ணனும் அதே அணிதான்! 1920-ல் மட்டும் 29 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். அப்புறம் ஏன் மேலே போகலை?

அவருடைய ஆயுதம் எச்சில் பந்து. பந்தில் எச்சிலைத் தடவி எறிஞ்சா அது எந்தப் பக்கம் திரும்பும்னு அடிக்கிறவருக்குத் தெரியாது. 1920-ல் மேஜர் லீக் அதைத் தடை செய்தது. ஏற்கெனவே அங்கே எச்சில் பந்து எறிந்துகொண்டிருந்த 17 பேருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். வெளியே இருந்த ஆர்லெட்டுக்கு அது கிடையாது. ஓக்லண்டில் எறியலாம், மேலே போனால் எறியக் கூடாது. இது எனக்கு அநியாயமாத்தான் படுது.

அப்புறம் தோளும் கையும் தேய்ந்து போச்சு. வேற யாராவது இருந்தா வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஆர்லெட் 1923-ல் மட்டையைக் கையில் எடுத்தார். வலது கை, இடது கை ரெண்டு பக்கமும் நின்று அடிப்பார். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல பலசாலி. வருஷா வருஷம் ரன்களாகக் குவிந்தது. ஆனா ஓக்லண்ட் முதலாளிகள் அவரைச் சும்மா அனுப்புவார்களா? பெரிய விலை சொன்னார்கள். அப்போதெல்லாம் ஆட்டக்காரர் நினைத்தால் அணி மாற முடியாது. அணி விற்றால்தான் உண்டு. வாங்க வந்தவர்களும் ஒரு குறை சொன்னார்கள்: அடிக்கிறார், ஆனா ஃபீல்டிங் மந்தம். இதில் உண்மையும் இருந்தது. ஓடி வந்து பிடிக்க வேண்டிய பந்துக்கு அவர் நடந்து வருவார் என்கிற பேச்சு கடைசி வரை அவரை விடவே இல்லை.

1930-ல் புரூக்ளின் அணி அவரை வாங்கத் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டம் முடிந்ததும் அம்பயரோடு தகராறு. அம்பயர் கையிலிருந்த முகமூடியால் ஓங்கி அடித்துவிட்டார்! கண்ணுக்கு மேலே கிழிந்து, ஆர்லெட் சில வாரம் ஆட முடியவில்லை. புரூக்ளின்காரர்கள் காத்திருக்கவில்லை. ஐக் பூன் என்ற வேறொருவரை வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் 1931-ல் பிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணி கூப்பிட்டது. அப்போது வயசு 32. புதுசா வருகிறவருக்கு அது ரொம்ப அதிகம். இருந்தாலும் 121 ஆட்டங்களில் 18 ஹோம் ரன் அடித்தார். அந்த லீகிலேயே முதல் ஐந்து இடங்களுக்குள் வரும் கணக்கு இது. சராசரி .313. அதாவது நூறு வாய்ப்பில் 31 தடவை சரியான அடி. ஆரம்பத்தில் வெளுத்து வாங்கியவர், பிறகு காயத்தால் கொஞ்சம் தொய்ந்தார். அந்த வருஷம் முடிந்ததும் ஃபிலீஸ் விட்டுவிட்டது. மற்ற 15 அணிகளும் வேண்டாம் என்றன.

மறு வருஷம் பால்டிமோரில், மறுபடியும் மைனர் லீக். என்ன செய்தார் தெரியுமா? 54 ஹோம் ரன்! ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் அடிப்பது பல பேருக்கு ஆயுளில் ஒரு தடவைகூட நடக்காது. ஆர்லெட் அந்த வருஷத்திலேயே ரெண்டு தடவை அடித்தார். அப்பவும் மேலேயிருந்து அழைப்பு வரவில்லை.

ஃபீல்டிங் செய்யாமல் மட்டை மட்டும் பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்ற விதி அமெரிக்கன் லீகில் 1973-ல் வந்தது. ஃபிலீஸ் ஆடும் நேஷனல் லீகில் நிரந்தரமாக வந்தது 2022-ல்தான். ஆர்லெட்டுக்கென்றே செய்த மாதிரியான விதி! ஆனா அவர் 1964-லேயே மினியாபொலிஸ் நகரில் இறந்துவிட்டார்.

மைனர் லீகில் அவர் அடித்த ஹோம் ரன்கள் 432. பந்து எறிந்து ஜெயித்த ஆட்டங்கள் 108. அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தினர் 1984-ல் மைனர் லீக் வரலாற்றிலேயே தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஓட்டுப் போட்டார்கள். வந்த பெயர் பஸ் ஆர்லெட்.