ஓட்டல் சர்வர் விஞ்ஞானி ஆனார்!

சென்னை திருவான்மியூர்.

மருந்தீசுவரர் கோவிலில் விளக்கு ஏற்றும் நேரம். ரெயில் நிலையத்தில் இருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருகிறார்கள். சிலர், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். சிலர், கல்லூரி முடிந்து இனிமேல்தான் வேலைக்குப் போகிறவர்கள்!

பகலில் படிப்பு. மாலையில் சம்பாத்தியம்.

அவர்களில் சிலருக்குப் பெரிய ஓட்டல் மதுக்கூடங்களின் மேல் ஒரு கண். அங்கே பானம் கலந்து கொடுக்கும் வேலை பகுதி நேரமாகக் கிடைக்காதா என்று ஆசை. சம்பளம் உண்டு. அதற்கு மேல் "டிப்ஸ்" உண்டு. பகல் பொழுது படிப்புக்கு மிச்சம்.

ஆனால் உள்ளே நுழைவது எப்படி?

அனுபவம் உள்ளவர் தேவை என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்! நுழைந்தாலும், எடுத்தவுடன் பானம் கலக்க விட்டுவிட மாட்டார்கள். முதலில் கிளாஸ் கழுவ வேண்டும். ஐஸ் சுமக்க வேண்டும். மேசை துடைக்க வேண்டும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? படிக்கிற பிள்ளை எச்சில் கிளாஸ் கழுவுவதா என்று கேட்க மாட்டார்களா? ஊரார் சிரிக்க மாட்டார்களா?

இந்தத் தயக்கம் புதிது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கோவைப் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவர் இதே வாசலில் வந்து நின்றார். அவர் தயங்கவில்லை. தட்டை ஏந்தினார்.

அவர்தான், பிற்காலத்தில் "இந்தியாவின் எடிசன்" என்று பெயர் பெற்ற ஜி.டி.நாயுடு!

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

கோவையை அடுத்த சூலூர் அருகே உள்ளது கலங்கல் கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந்தேதி துரைசாமி பிறந்தார். தகப்பனார் பெயர் கோபால்சாமி நாயுடு. விவசாயக் குடும்பம்.

துரைசாமி சிறு குழந்தையாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார்.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அவனுக்குப் படிப்பு ஓடவில்லை. வாத்தியாரைக் கண்டாலே வெறுப்பு. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோயிற்று.

தகப்பனார் பார்த்தார். பையனைத் தோட்டத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்.

ஏர், மாடு, மண்வெட்டி. இதுதான் இனிமேல் துரைசாமியின் வாழ்க்கை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து எல்லாவற்றையும் மாற்றியது!

புகை விட்டு ஓடிய வண்டி

வருவாய்த்துறையைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். அவர் வந்தது குதிரையில் அல்ல. ரட்ஜ் மோட்டார் சைக்கிளில். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட 1912-ம் வருடத்து வண்டி அது.

அந்த நாளில் கிராமத்து ஜனங்கள் கண்ட வண்டி எல்லாம் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுகிறது என்றால், கேட்கவா வேண்டும்!

துரைசாமிக்கு அப்போது சுமார் 20 வயது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது?

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. புத்தகத்தில் படிக்கலாம் என்றால், இங்கிலீஷ் தெரியாது. என்ஜினீயரிங் கல்லூரியில் சேரலாம் என்றால், பள்ளிப் படிப்பே இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழிதான். அந்த வண்டியையே விலைக்கு வாங்க வேண்டும். கழற்றிப் பார்க்க வேண்டும்!

எந்த வேலை கிடைக்கும்?

வாங்குவது என்றால் பணம் வேண்டாமா? தோட்டத்தில் மண் வெட்டினால் அவ்வளவு பணம் கையில் சேராது.

துரைசாமி கோவைக்குப் புறப்பட்டார்.

பட்டணத்தில் வேலை எளிதாகக் கிடைத்துவிடுமா? கச்சேரியில் குமாஸ்தா வேலைக்குப் படிப்பு கேட்பார்கள். பட்டறையில் தொழில் தெரிந்திருக்க வேண்டும். படிப்பும் இல்லாமல், தொழிலும் தெரியாமல் வந்தவனுக்குத் திறந்திருந்த கதவு ஓட்டல் கதவுதான்.

அங்கே சர்வர் வேலையில் சேர்ந்தார். இலை போட்ட இடத்தில் பரிமாறுவது; கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. கிடைத்த வேறு சில்லறை வேலைகளையும் தட்டவில்லை.

சொந்த நிலத்தில் எஜமானராக நிற்க வேண்டிய பிள்ளை, ஊரார் முன்னால் பரிமாறினார். இது கௌரவக் குறைவு என்று அவர் நினைத்திருந்தால், அன்றே கலங்கலுக்குத் திரும்பி இருக்கலாம். அவர் திரும்பவில்லை. அவருடைய கண் தட்டில் இல்லை. மோட்டார் சைக்கிளில் இருந்தது!

ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல. மூன்று ஆண்டுகள் உழைத்தார். காசு காசாகச் சேர்த்தார்.

பணம் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலை பேசி வாங்கினார். விலை 300 ரூபாய்.

ஏறி ஓட்டவில்லை!

வேறு வாலிபராக இருந்தால் என்ன செய்திருப்பார்? கோவைத் தெருக்களில் வண்டியை ஓட்டி, எல்லோரும் பார்க்க ஒரு சுற்று வந்திருப்பார்.

துரைசாமி நாயுடு வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார்!

மூன்று ஆண்டு உழைப்பு முழுவதும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் எல்லாம் பாழ். அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. எந்தப் பாகம் எதற்கு, எது எதை இயக்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

அதுதான் அவருடைய கல்லூரி. சர்வர் வேலையில் சேர்த்த பணம்தான் கல்லூரிச் சம்பளம்!

இப்படியாக, ஓட்டல் சர்வர் மோட்டார் மெக்கானிக் ஆனார்.

விழுந்தார், எழுந்தார்

இதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம்தான் என்று நினைத்தால் தவறு.

முதல் உலகப்போர் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல லாபம் வந்தது. அந்தத் துணிச்சலில் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்தார். பம்பாய் வியாபாரிகளின் சூட்சுமம் அவருக்குப் புரியவில்லை. சம்பாதித்ததை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

லாபம் பார்த்த முதலாளி மீண்டும் கைகட்டி வேலை செய்ய முடியுமா? முடியும் என்று காட்டினார் நாயுடு. தட்டு ஏந்திய கைக்கு எந்த வேலைதான் கேவலம்?

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரத் தொழில் அதிபர் இருந்தார். நாயுடுவின் திறமையை அவர் கண்டுகொண்டார். அவருடைய உதவியால் நாயுடுவுக்கு ஒரு பஸ் கிடைத்தது.

1920-ம் ஆண்டில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. "யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்" என்ற கம்பெனி வளர்ந்தது. யு.எம்.எஸ். என்றால் கோவைச் சீமையில் தெரியாதவர் இல்லை. நாட்டிலேயே மிகத் திறமையாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று அதற்குப் பெயர் வந்தது.

கண்டுபிடிப்புகள்

பணம் வந்த பிறகும், கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் அவரை விடவில்லை.

ஜெர்மனி, இங்கிலாந்து என்று வெளிநாடுகளைச் சுற்றினார். 1936-ம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது, அதைத் தம்முடைய கேமராவிலேயே படம் எடுத்தார்.

பாட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் வைத்த சவரக் கருவியைச் செய்தார். "ரேசன்ட்" என்பது அதன் பெயர். மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்எண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம் என்று வரிசையாக வந்தன.

1937-ம் ஆண்டு, கோவை பீளமேட்டில் உள்ள அவருடைய தொழிற்சாலையில் மின்சார மோட்டார் தயாரானது. வடிவமைப்பில் முக்கிய பங்கு டி.பாலசுந்தரம் நாயுடுவுக்கு. இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டார் அது! இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை பெயர் பெற்று விளங்குகிறது என்றால், அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவர்கள் இருவரும் உண்டு.

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்! ஆனால் சர்க்கார் லைசென்சு கொடுக்கவில்லை. கார் தயாரிப்பு அத்தோடு நின்றது.

விவசாயத்தையும் மறக்கவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் புதிய ரகங்களை வளர்த்தார். சர் சி.வி.ராமன் அவருடைய பண்ணைக்கு வந்து பார்த்தார்.

படிக்காதவர் பிரின்சிபால்!

பள்ளிக்கூடத்தை வெறுத்து ஓடியவர், கல்லூரிக்குத் தலைவரான கதையும் உண்டு.

அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில் நுட்பப் பள்ளியும் என்ஜினீயரிங் கல்லூரியும் ஏற்பட்டன. அதற்கு நன்கொடை தந்து பாடுபட்டவர் நாயுடு. 1945-ல் அவரே கல்லூரியின் பிரின்சிபாலாகவும் இருந்தார். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததுதான்.

என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டாம், இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவருடைய கட்சி. கையால் செய்து பழகினால் சீக்கிரம் வரும் என்று நம்பினார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை உதறிவிட்டார்.

அந்தக் கருத்து சரியா, தவறா என்பது வேறு விஷயம். அது எங்கே பிறந்தது என்பதில் சந்தேகம் இல்லை. கழற்றிப் போட்ட மோட்டார் சைக்கிளின் முன்னால் பிறந்த கருத்து அது.

மேம்பாலத்தில் ஒரு பெயர்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கோவை அவினாசி ரோட்டில் கட்டப்பட்ட, சுமார் 10 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் 2025-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர். எந்த ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்து பரிமாறினாரோ, அந்த ஊரில் கார்களும் பஸ்களும் இன்று அவர் பெயரின் மேல் ஓடுகின்றன!

நாயுடு எல்லோரையும் சர்வர் ஆகச் சொல்லவில்லை. அவரும் காலமெல்லாம் சர்வராக இருக்க நினைக்கவில்லை. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனார். கிடைத்த கதவு வழியே நுழைந்தார். கிடைத்த காசைச் செலவழிக்காமல் சேர்த்தார். நினைத்தது கைக்கு வந்ததும் அடுத்த படியில் கால் வைத்தார்.

திருவான்மியூர் இளைஞர் மதுக்கூடத்தில் கிளாஸ் கழுவப் போகலாமா, வேண்டாமா? அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அந்த வேலை அவருக்குப் பிடிக்காமல் போகலாம். வீட்டாருக்கும் சம்மதம் இல்லாமல் இருக்கலாம். அதற்காக விலகினால் குற்றம் இல்லை. கிளாஸ் கழுவுவது கேவலம் என்று விலகினால் மட்டும், கோவை ஓட்டலில் மூன்று ஆண்டுகள் தட்டு ஏந்திய அந்த வாலிபரை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

எங்கே நுழைந்தார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எங்கே போய்ச் சேர்ந்தார் என்றுதான் நாடு பார்த்தது!