கரண்ட் இல்லாத குக்கர்

அடி அண்ணாமலைல ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்ல அரிசியும் தண்ணியும் போட்டு, பட்டனைத் தட்டிட்டு கிளாஸுக்குக் கிளம்பிடலாம். இதே சௌகரியத்தை 1910-லயே கரியை வச்சுக் கொடுத்தவர் இந்துமாதவ் மல்லிக்.

1869-ல் வங்காளத்தில் பிறந்தவர். தத்துவம், இயற்பியல், சட்டம், மருத்துவம் என்று படித்துக்கொண்டே போனார் (நமக்கு ஒரு டிகிரிக்கே மூச்சு வாங்குது). சீனாவுக்குப் போய் வந்து பயணநூலும் எழுதினார்.

ஆனா அவர் பேர் நிலைச்சது இக்மிக் குக்கரால்தான். ஹைஜீனிக், எகனாமிக் ரெண்டையும் ஒட்டி வச்ச பேர். ஒரு பெரிய உருளை, அடியில் கரி நெருப்பு, அதன் மேல் தண்ணி, அதுக்கும் மேல டிபன் கேரியர் மாதிரி அடுக்கு. சாதம், பருப்பு, காய், கறி எல்லாம் ஒரே ஆவியில் வேகும். பிரஷர் கிடையாது, விசிலும் கிடையாது, அதனால மெதுவாத்தான் வேகும். கரி தீர்ந்தா நெருப்பு தானா அடங்கிடும். அந்தக் காலத்து ஆட்டோ கட்-ஆஃப்!

விறகடுப்பு முன்னாடி யாராவது உட்கார்ந்தே இருக்கணும்னு இருந்த காலம் அது. அந்த 'யாராவது' யாருன்னு உங்களுக்கே தெரியும். அவங்களை எழுந்து போக விட்டதுதான் இதுல பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது.

மல்லிக் 1917-ல் இறந்தார். ஐம்பது வயசுகூட ஆகலை.