மாபினி செய்த சத்தியம்

பண்டித வகுப்பு மாணவருக்கு அரிச்சந்திரன் கதையைக் கற்பிக்குங் காலத்தில், அவனுக்கு மறுதலையான காட்டாகப் பிலிப்பைன் தேசத்துச் சட்டத்தரணி அப்போலினாரியோ மாபினியை யான் எடுத்துக் கூறுவதுண்டு. ஈராண்டு காலம் அந்நிய அரசுக்கு அடிபணியேன் என்று கடல் நடுவிலுள்ள தீவிற் சிறையிருந்தவர், ஈற்றில் அவ்வரசுக்கே விசுவாசச் சத்தியஞ் செய்துவிட்டு ஊர் திரும்பினார் என்று சொல்லி முடிப்பேன். ஒருநாள் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, அந்தச் சத்தியத்தைக் கேட்பதற்கு அவர்களுக்கு என்ன உரிமை இருந்தது ஐயா என்று வினவினாள். விடை சொல்ல என்னால் இயலவில்லை. சத்தியஞ் செய்தவனையே நோக்கிய யான், சத்தியங் கேட்டவனை ஒருபோதும் நோக்கவில்லை. அன்று தொடங்கி மாபினியின் வரலாற்றை மீளவும் கற்றேன். கற்றவற்றை ஈண்டு வாசகர் முன் வைக்கின்றேன்.

லூசோன் தீவின் தென்பகுதியிலே பத்தாங்காஸ் மாகாணத்தில் தனாவான் என்றோர் ஊர் உண்டு. அதனைச் சேர்ந்த தலாகா என்னுஞ் சிற்றூரில், 1864ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் நாள் மாபினி பிறந்தார். வறிய குடும்பம், மக்கள் எண்மர், அவருள் இவர் இரண்டாமவர். மகன் குருவாக வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். மகனோ ஏழைகளுக்காக வழக்காடும் சட்டத்துறையை நாடினார். மனிலாவிலே சான் உவான் தெ லெத்ரான் கல்லூரியிலும், பின்னர் சாந்தோ தொமாஸ் பல்கலைக்கழகத்திலும் கற்று, பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியும் எழுதுவினைஞராய் உழைத்தும் பொருளீட்டி, 1894இல் சட்டப் பட்டம் பெற்றார்.

ஸ்பெயின் தேசம் அத்தீவுகளை ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டுகள் ஆண்டது. அவ்வாட்சியிற் சீர்திருத்தங் கோரி ஹோசே ரிசால் 1892இல் நிறுவிய லிகா பிலிப்பினா என்னுஞ் சங்கத்தில் மாபினியுஞ் சேர்ந்தார். அவர் அக்காலை நாடியது வாளன்று, சட்டம். 1896ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளம்பிள்ளைவாதம் கண்டு அவருடைய இரு கால்களும் முடங்கின. அவ்வாண்டு ஓகஸ்டில் புரட்சி வெடித்தது. ஒக்டோபரிலே மாபினியும் கைதானார். எழுந்து நடக்கவியலாதவர் என்பதால் அவர் உயிர் பிழைத்தது. டிசெம்பர் 30ஆம் நாள் ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1898இல் ஸ்பெயினுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. மே மாதம் முதலாம் நாள் மனிலாக் குடாவில் ஸ்பானியக் கப்பற்படை அழிந்தது. புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்தோ நாடு திரும்பி, மாபினியின் அறிவுத்திறனைக் கேள்வியுற்று அவருக்கு ஆளனுப்பினார். ஊருக்கு ஊர் ஆட்கள் மாறி மாறி ஏணையிற் சுமந்து அவரைக் கவித் நகருக்குக் கொண்டு வந்தனர். அவர் அங்கே வந்த நாள் யூன் 12. அகினால்தோ சுதந்திரப் பிரகடனஞ் செய்த அதே நாள்.

எல்லோரும் மகிழ்ந்திருந்த அவ்வேளை, மாபினி ஒருவரே முகஞ் சுளித்தார். அப்பிரகடனத்தில் அவர் கண்ட குறைகள் இரண்டு. வட அமெரிக்கத் தேசத்தின் பாதுகாப்பின் கீழ் என்று அதில் எழுதப்பட்டிருந்தமை ஒன்று. பிறனுடைய நிழலைக் கேட்டு வாங்குபவன், பின்னர் அந்நிலம் தன்னது என்று வழக்காடுவது எங்ஙனம்? மற்றையது, தலைவர் ஒருவரும் அவரைச் சூழ்ந்தோருமே அதனைச் செய்தனரன்றி, மக்கள் அதில் வாய் திறக்கவில்லை என்பது. ஆகவே யூன் 18ஆம் நாட் கட்டளையாலே ஊர்கள்தோறும் தலைவரைத் தெரிந்தெடுக்கச் செய்தார். அவ்வாறு தெரிவானோர் ஓகஸ்ட் முதலாம் நாள் பக்கூரிற் கூடிச் சுதந்திரத்தை உறுதிப்படுத்தினர். ஓர் அரசின் உரிமை வெற்றியினாலே பிறப்பதன்று, குடிகளின் இசைவினாலே பிறப்பது என்பதே மாபினியின் சட்டக் கொள்கையின் வேர். இதனை வாசகர் நினைவில் வைப்பாராக. இவ்வரலாற்றின் முடிவு இதிலேயே தங்கியுள்ளது.

செப்டெம்பரில் மலோலோஸ் நகரத்துப் பராசோவாயின் தேவாலயத்திற் பேரவை கூடியது. அதற்கென மாபினியும் ஓர் அரசியல் யாப்பை வரைந்து வைத்திருந்தார். பேரவையோ பெலிப்பே கல்தெரோன் வரைந்ததையே ஏற்றது. படைத்தலைவர் கையில் அதிகாரங் குவியும் என்றஞ்சிய கல்தெரோன் சட்டசபையை மேலாக்கினார். போர் வாயிலில் நிற்கும்போது நிருவாகத்தின் கையைக் கட்டுதல் தகாது என்றார் மாபினி. சமயத்தைப் பற்றிய வழக்கோ இன்னுங் கடுமையானது. அரசையும் திருச்சபையையும் வேறு பிரிக்கும் விதி ஒரேயொரு வாக்கு மிகையால் நிறைவேறியது. பிரிவினைக்கு மாபினி பகைவரல்லர். ஆயினும் போர்க்காலத்தில் மக்கள் இருபிளவாதல் ஆகாது என்று கருதி, அவ்விதியை நடைமுறைப்படுத்துவதைப் பிற்போடச் செய்தார். 1899 சனவரி 21இல் யாப்பு வெளியிடப்பட்டது. 23இல் குடியரசு பிறந்தது. மாபினி அமைச்சரவைத் தலைவரும் வெளிநாட்டமைச்சருமானார்.

இவ்வழக்குகள் அன்றோடு முடிந்தவையல்ல. 1972இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தபோது, கல்தெரோனின் அச்சமே மெய்யாயிற்று. அதன் படிப்பினையால் 1987ஆம் ஆண்டு யாப்பு, இராணுவச் சட்டத்தை அறுபது நாளுக்கு வரையறுத்து, அதனை நீக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கும், ஆராயும் அதிகாரத்தை உயர்நீதிமன்றத்துக்குங் கொடுத்தது. 2017இல் மிந்தனாவோத் தீவில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது அவ்விதிகளின் வழியே வழக்காடப்பட்டது. நீதிமன்றம் பிரகடனத்தை ஏற்றது. பாராளுமன்றம் 2019ஆம் ஆண்டு முடிவுவரை அதனை நீடித்தது. இவ்வொரு பொருளில் மாபினியின் பக்கம் நிற்க என்னால் இயலவில்லை என்பதையும் ஒளியாது கூறுகின்றேன்.

இனி, மாணவியின் வினாவுக்கு வருவோம். 1898 டிசெம்பர் 10இல் பாரிஸ் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையால், ஸ்பெயின் அத்தீவுகளை இரண்டு கோடி டொலருக்கு அமெரிக்காவிடங் கையளித்தது. அவ்வேளை லூசோனின் பெரும்பகுதி பிலிப்பைன் மக்கள் கையிலேயே இருந்தது. அவர்களுடைய தூதர் பெலிப்பே அகொன்சில்யோ பாரிசுக்குச் சென்றும், அவருக்குச் செவிகொடுப்பார் இலர். தன் கைவிட்டுப் போன காணியை ஒருவன் உறுதியெழுதி விற்பானாயின், வாங்கியவனுக்குச் சேர்வது காணியோ, வெறுங் கடதாசியோ? ஊர் நொத்தாரிசும் விடை சொல்லத்தக்க இவ்வினாவே மாபினியின் வாதம். 1899 பெப்ரவரி 4ஆம் நாள் இரவு போர் மூண்டது. பெப்ரவரி 6இல் அமெரிக்க மேற்சபை உடன்படிக்கையை ஏற்றது.

தோல்வி தொடர்ந்தது. சுயாட்சியைப் பெற்றுக்கொண்டு சமாதானமாவோம் என்னுங் கட்சி ஓங்க, மே மாதத்தில் மாபினி பதவி நீங்கினார். பெத்ரோ பத்தெர்னோ அவ்விடத்துக்கு வந்தார். யூனில் தளபதி அந்தோனியோ லூனா தம்மவராலேயே கொல்லப்பட்டார். பின்னாளில் தாம் எழுதிய புரட்சி வரலாற்றில், அக்கொலைக்கும் புரட்சியின் வீழ்ச்சிக்கும் அகினால்தோவையே மாபினி பொறுப்பாளியாக்கினார். தம்மை ஏணையிற் சுமப்பித்து அழைத்த தலைவரென்றும் அவர் தயை பார்க்கவில்லை.

1899 டிசெம்பர் 10இல், பாரிஸ் உடன்படிக்கைக்குச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், குயாப்போ என்னும் ஊரில் அவர் பிடிபட்டார். மறு ஆண்டு விடுதலை பெற்றும் எழுதுகோலை ஓய்வு கொள்ள விடவில்லை. எனவே 1901 சனவரியில், வேறு சிலருடன் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டில் அமெரிக்க உயர்நீதிமன்றம் போர்த்தோ ரிக்கோத் தீவைப் பற்றிய வழக்கில் ஒரு விசித்திரமான கோட்பாட்டை வகுத்தது. போரில் வந்த தீவுகள் அமெரிக்காவுக்கு உரியவை. ஆயினும் அதன் அங்கமல்ல. அதன் யாப்பு முழுவதும் அங்கே செல்லாது என்பதே அது. இதனைத் தொடர்ந்து, 1904இல் யூரர் முன் விசாரணை பெறும் உரிமை பிலிப்பைன் மக்களுக்கு யாப்பின்படி இல்லையென்றுந் தீர்ப்பாயிற்று. ஆளப்படுவதற்கு உள்ளிருப்பவர், உரிமைக்கு வெளியிருப்பவர். 1901 நவம்பரில் இயற்றிய சட்டமோ, போர் முடியும்வரை சமாதான வழியிலே சுதந்திரங் கேட்பதையுங் குற்றமாக்கியது.

1902 யூலை 4இல் பொதுமன்னிப்பு வந்தது. விசுவாசச் சத்தியஞ் செய்வோர்க்கே அது பயன்படும். கைதிகள் சத்தியஞ் செய்து வீடு திரும்பினர். மாபினியும் தளபதி அர்த்தேமியோ ரிக்கார்த்தேயும் மறுத்து நின்றனர். 1903 பெப்ரவரியில் இருவரும் கப்பலேறி மனிலாத் துறைக்கு வந்தனர். அங்கே மாபினி சத்தியஞ் செய்து கரையேறினார். மறுத்த ரிக்கார்த்தே ஹொங்கொங்குக்கு அனுப்பப்பட்டார். சத்தியஞ் செய்த நாள் பெப்ரவரி 26. அதிலிருந்து எழுபத்தாறாம் நாள், மே 13இல், நகரிற் பரவிய கொலரா நோயால் மாபினி இறந்தார். அகவை முப்பத்தெட்டு.

ரிக்கார்த்தே வென்றார், மாபினி தோற்றார் என்பதே யான் பல்லாண்டு கற்பித்த பாடம். இப்பொழுது அவ்வாறு கூறேன். காசு கொடுத்து உறுதி முடித்தவனுக்கு உரிமை முழுதும் சேர்ந்துவிட்டதாயின், கால் வழங்காத ஒருவனுடைய வாய்ச்சொல்லுக்காக ஈராண்டு காத்திருப்பானேன்? உடன்படிக்கையாலும் பீரங்கியாலுங் கிடையாத ஒன்று, அஃதாவது ஆளப்படுவோரின் இசைவு, அந்தச் சத்தியத்தில் இருந்தது. அதனை வற்புறுத்திக் கேட்டதனாலேயே, அரசுரிமை குடிகளிடத்தது என்னும் மாபினியின் கொள்கையை வென்றவரே ஒப்புக்கொண்டனர்.

அவர் ஏன் கொடுத்தார் என்பதற்கும் அக்கொள்கையே விடை என்று எண்ணுகின்றேன். மக்கள் போரை விட்டு இளைப்பாறிய பின், அவர்தம் பெயரால் ஒருவன் தனித்துப் போராடுதல், மக்களின் இசைவே மேல் என்ற அவருடைய கூற்றுக்கே முரணாகும். இதனை வெற்றி என்று புனைந்துரைக்க மாட்டேன். அது அவருக்குப் பெருநோவு தந்திருக்கும், ஆயினும் பொய்யன்று.

அவர் முடங்கியது தீயொழுக்கத்தால் வந்த நோயினால் என்றோர் அவதூறு நெடுங்காலம் உலவியது. 1980இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி ஆராய்ந்த வைத்தியர்கள், இளம்பிள்ளைவாதமே காரணம் என்று நிறுவி அப்பழியைத் துடைத்தனர். வகுப்பறையிலே யான் சுமத்திய பழியைத் துடைப்பது என் கடன். அம்மாணவி இன்று தானும் ஓர் ஆசிரியை. அவள் கேட்ட வினாவுக்கு, காலந் தாழ்த்தியேனும், இதுவே என் விடை.