நீல நிறத்தில் நிலைத்த பெயர்

நானோ துகள்களில் ஆய்வு செய்யும் என் முன்னாள் மாணவரின் மகள், அண்மையில் திருமுல்லைவாயிலில் உள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தார். எம்ஆர்என்ஏ மருந்து தனியே சென்றால் செல்லை அடையுமுன் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். ஆகவே அதைக் கொழுப்பாலான நுண்துகளில் பொதிந்து அனுப்புகிறார்கள். அத்தகைய துகள்களில் பாஸ்போலிப்பிட் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் பழைய முறையொன்றை அவர் விளக்கினார். பாஸ்பரஸின் அளவுக்கேற்பக் கரைசல் நீலமாகும். அம்முறையின் வேர் 1925இல் வெளியான ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். நம் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். சகோதரர் இருவரை அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழே பெற்றார்.

அமெரிக்கா சென்றவர், மருத்துவமனையில் இரவுப் பணியாளராக உழைத்தபடியே ஹார்வர்டில் பயின்றார். சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து பாஸ்பரஸ் அளவீட்டை வகுத்தார்; அதன் துணையால் இருவரும் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபியைக் கண்டறிந்தனர். இன்று எம்ஆர்என்ஏ தயாரிப்பின் நான்கு மூலப்பொருள்களுள் அதுவும் ஒன்று. எனினும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை.

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். அவரது தலைமையில் ஃபோலிக் அமிலம், புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட், நம் ஊர்களில் யானைக்கால் நோய்த் தடுப்புக்கு வீடுதோறும் வழங்கப்பட்ட டிஇசி ஆகியவை உருவாயின. தாயகம் திரும்பாமலே, காத்திருந்த மனைவியை மீண்டும் காணாமலே, 1948இல் 53 வயதில் மறைந்தார். பின்னாளில் கைமாறிய அந்த வளாகம் 2009இல் ஃபைசர் வசமானது. அந்நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வு மையமும் அங்கேதான் அமைந்தது.

அளவீட்டு முறை ஒன்றால் என்ன வருவாய் என்று 1925இல் கேட்டிருந்தால், பொருளியல் கற்பித்த நானும் விடை சொல்லியிருக்க மாட்டேன். அடிப்படை ஆய்வின் பலனை ஓராண்டு வரவு செலவுக் கணக்கில் காண இயலாது. அதை அந்தக் கணக்கிலேயே தேடுகிறவர்கள், சுப்பாராவைப் போன்றோரை இழந்துகொண்டே இருப்பார்கள்.

உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை என்றும், வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் விடைபெறும்போது அப்பெண் சொன்னார். போக வேண்டாம் அம்மா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.