இதய மின்வரைவு தந்த ஐந்தோவன்

இன்று இந்தோனேசியாவைச் சேர்ந்துள்ள சாவகத் தீவு, முன்னாளில் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. அத்தீவின் செமராங்கு நகரில், 1860 ஆம் ஆண்டில், மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வில்லெம் ஐந்தோவன். அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் மக்கள் அறுவருடன் 1870 இல் ஒல்லாந்துக்கு மீண்டு, உத்திரெக்து நகரில் குடியேறினார். அங்கு மருத்துவம் பயின்ற ஐந்தோவன் தேகப்பயிற்சியில் பெருவிருப்புடையவர். ஒருமுறை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்கும் ஓய்ந்திராமல், முழங்கை மூட்டு இயங்கும் முறையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். இருபத்தைந்தாம் அகவையில் லைடன் பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது.

இதயம் துடிக்குந்தோறும் மிக நுண்ணிய மின்னோட்டம் எழுகின்றது. உடலைத் திறவாமலே அதனைப் பதிக்கலாம் என்று 1887 இல் இலண்டனில் வாலர் என்பார் காட்டினார். ஆயினும், அவர் கையாண்ட பாதரசக் கருவி மந்தமானது. துடிப்பின் விரைவுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஐந்தோவன் முதலில் கணக்கிட்டே அவ்வரைவின் பிழையைத் திருத்தினார். திருந்திய அலைகளுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார். ஆனால், ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வாறு கணக்கிட்டுக்கொண்டிருத்தல் இயலுமோ? புதிய கருவியொன்றை ஆக்கத் துணிந்தார்.

உருகிய படிகக்கல்லை அம்பிற் பிணைத்து எய்து, மயிரினும் மெல்லிய இழையாக நீட்டி, வெள்ளிப் பூச்சிட்டு, வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே கட்டினார். இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது அவ்விழை அசையும். அந்த அசைவின் நிழலைப் பெரிதாக்கி ஒளிப்படத் தகட்டில் விழச் செய்தார். 1901 இல் இக்கருவியை உலகுக்கு அறிவித்தார். இழையோ கண்ணுக்குப் புலப்படாதது. கருவியின் எடையோ ஏறத்தாழ 270 கிலோகிராம்! அதனை இயக்க ஐவர் வேண்டும். காந்தத்தைக் குளிர்விக்க நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நோயாளி உப்புநீர்ச் சாடிகளில் கைகளையும் காலையும் அமிழ்த்தி அமர்ந்திருப்பார்.

இத்துணைப் பெருங்கருவி மருத்துவமனைக்குச் செல்லாது. நோய் முற்றியவர் ஆய்வுக்கூடத்திற்கு வர இயலாது. யாது செய்வது? மருத்துவமனை ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1905 இல், தொலைபேசிக் கம்பியின் வழியே நோயாளியின் இதய மின்னோட்டத்தையே ஐந்தோவன் தம்மிடம் வரவழைத்தார். 1924 இல் நோபல் பரிசு பெற்ற அப்பெரியார், 1927 இல் மறைந்தார்.

பின்னர், 1958 இல், சுவீடனின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், துடிப்புத் தளர்ந்த ஒருவரின் உடலுள்ளே செயற்கை இதயமுடுக்கி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதனை உடையோரின் மின்வரைவில், முடுக்கி தூண்டும்பொழுது, அலைக்கு முன்னே மெல்லிய குத்துக்கோடு ஒன்று பெரும்பாலும் தோன்றும். கோடு மட்டும் நின்று அலை எழாதிருப்பின், தூண்டுதலுக்கு இதயம் இணங்கவில்லையோ என்று மருத்துவர் ஐயுற்று விரைவர். அக்கோட்டின் பின்னே அவர் தேடும் அலைகள், ஐந்தோவன் பெயரிட்ட அலைகளே.